குனுகேஷில் ஒன்றுக்கு மேல் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுக் கணக்குக்கு ஒரு புத்தகம், கடைக்கு ஒன்று, அப்பார்ட்மென்ட் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு தலையில் விழுந்தால் அதற்கும் ஒன்று. குனுகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர்கள் பலர் கொஞ்ச நாளிலேயே இந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள். மென்பொருள் இலவசம், இரட்டைப் பதிவு முறையை ஒழுங்காகப் பின்பற்றுகிறது, எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் ஒரே புத்தகமாக இருந்தவரை எட்டிப் பார்க்காத சிக்கல்கள், இரண்டாவது வந்ததும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். பெரும்பாலும் கணக்கு தெரியாததால் வருபவை அல்ல அவை. எந்த விஷயம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பது தெரியாததால் வருபவை.

குனுகேஷில் ஒரு ஃபைல் என்றால் ஒரு புத்தகம். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: தகராறு செய்யும் விஷயம் ஃபைலுக்குள் இருக்கிறதா, கம்ப்யூட்டரில் இருக்கிறதா?

ஃபைலுக்குள் இருப்பவை: கணக்குகள், பதிவுகள், மாதாமாதம் தானாக வரும் ஷெட்யூல்டு பதிவுகள், பங்கு மற்றும் நாணய விலைகள், வாடிக்கையாளர்கள், பில்கள், பில்லில் அச்சாகும் நிறுவனப் பெயர், பில் எண் வரிசை. வங்கி ஸ்டேட்மென்டை இம்போர்ட் செய்யும்போது 'இந்த மாதிரி வரி வந்தால் இந்தக் கணக்கு' என்று மென்பொருள் கற்றுக்கொள்வதும் ஃபைலுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் புதுப் புத்தகத்தில் முதல் சில இம்போர்ட்டுகளில் அது எதையும் சரியாக ஊகிக்காது. கோளாறு ஒன்றும் இல்லை, இனிமேல்தான் கற்றுக்கொள்ளும்.

கம்ப்யூட்டரில், அதாவது உங்கள் லாகினுக்குக் கீழே இருப்பவை: பிரிஃபரன்ஸஸ் ஜன்னலில் உள்ள அத்தனையும், நீங்கள் பெயர் வைத்துச் சேமித்த அறிக்கை அமைப்புகள், அண்மையில் திறந்த ஃபைல்களின் பட்டியல். இவை எல்லாப் புத்தகங்களுக்கும் பொது.

இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி அறிகுறிகளுக்கு நீங்களே காரணம் சொல்லிவிடுவீர்கள். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறலாம், ஆனால் இடம் பெரும்பாலும் இதுதான்.

"கடையைத் திறக்கலாம் என்றால் வீட்டுப் புத்தகம் திறக்கிறது"

குனுகேஷ் தொடங்கும்போது கடைசியாக எந்த ஃபைல் திறந்திருந்ததோ அதையே திறக்கும். மென்பொருளின் ஐகானைத் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் ஃபைலுக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்து அதைத் தட்டினால் அந்தப் புத்தகமே திறக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் குனுகேஷை இரண்டு முறை ஓட்ட வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இரண்டாவது ஷார்ட்கட்டைத் தட்டினாலே போதும். மேக்கில் டெர்மினல் வழியாக இரண்டாவது பிரதியைத் தொடங்க வேண்டும். குனுகேஷுக்குள் 'விண்டோஸ்' என்ற பெயரில் உள்ள மெனுவில் இருக்கும் 'நியூ விண்டோ' இதற்கு உதவாது, அது அதே புத்தகத்துக்கு இன்னொரு ஜன்னலைத்தான் திறக்கும்.

இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும்போது தவறான புத்தகத்தில் தட்டச்சு செய்வது மிகச் சுலபம். இரண்டிலும் 'ரொக்கம்' என்று ஒரு கணக்கு இருந்தால் இன்னும் சுலபம். கடையில் இருப்பதற்குக் 'கல்லா' என்றும் வீட்டில் இருப்பதற்கு 'வீட்டு ரொக்கம்' என்றும் பெயர் வையுங்கள். கணக்குகளுக்கு நிறமும் கொடுக்கலாம். மேல்நிலைக் கணக்குக்கு நிறம் வைத்து, எடிட் மெனுவில் 'காஸ்கேட்' என்று தொடங்கும் வசதியால் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அதைப் பரப்பிவிடலாம். கணக்கின் நிறம் ஃபைலுக்குள் சேமிக்கப்படுவதால் கடை முழுக்க ஒரு நிறம், வீடு முழுக்க வேறு நிறம் என்று நிலைத்து நிற்கும்.

"போன வாரம் எழுதிய பதிவுகளைக் காணோம்"

பதற வேண்டாம். புதிதாக எதையும் எழுதவும் வேண்டாம். பதிவுகள் அழிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை வேறொரு ஃபைலில் இருக்கின்றன.

முதலில் ஜன்னலின் தலைப்புப் பட்டையைப் பாருங்கள். 'வீடு' என்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் 'வீடு.குனுகேஷ்.20250410183012' என்பது போல நீண்ட எண் தெரிகிறதா? அந்த 14 இலக்கங்களும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. நீங்கள் திறந்து வைத்திருப்பது 2025 ஏப்ரல் 10 மாலை எடுக்கப்பட்ட பேக்கப்.

குனுகேஷ் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய வடிவத்தை இப்படித் தேதியிட்டு அதே ஃபோல்டரில் வைக்கும். மாற்றாமல் விட்டிருந்தால் 30 நாட்கள் வரை அவை இருக்கும். ஒரே ஃபோல்டரில் மூன்று புத்தகங்களும் அவற்றின் பேக்கப்புகளும் கிடந்தால், ஃபைலைத் திறக்கும்போது 'பெரிய தேதி இருப்பதுதான் புதியது' என்று நினைத்து பேக்கப்பைத் தட்டிவிடுவது இயல்பு. அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் பேக்கப்பில் சேரும். மறுநாள் ஷார்ட்கட் வழியாகத் திறந்தால் மூல ஃபைல் வரும், அதில் அந்தப் பதிவுகள் இருக்காது.

இப்படி நடந்ததா என்று உறுதிப்படுத்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு தேதி எண்கள் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும், '.log' என்று முடியாத ஃபைல் ஏதாவது இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது பேக்கப்புக்கு எடுத்த பேக்கப். யாரோ ஒரு பேக்கப்பைத் திறந்து அதிலேயே எழுதிச் சேமித்திருந்தால் மட்டும்தான் அப்படி ஒரு பெயர் உருவாகும்.

இனி சரிசெய்வது. குனுகேஷை மூடிவிட்டு, ஃபோல்டர் முழுவதையும் அப்படியே வேறிடத்தில் நகல் எடுங்கள். பிறகு மூல ஃபைலையும் தவறுதலாக எழுதப்பட்ட பேக்கப்பையும் தனித்தனியே திறந்து, இரண்டிலும் கடைசியாக உள்ள பதிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பேக்கப்பில் இல்லாத பதிவு எதுவும் மூல ஃபைலில் இல்லை என்றால் வேலை எளிது: மூல ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டு, பேக்கப்பின் பெயரில் உள்ள தேதி எண்ணை நீக்கிப் பழைய பெயரைக் கொடுங்கள். இனி அதுதான் மூலம். மற்றதில் இல்லாத பதிவுகள் இரண்டிலும் இருந்தால் மூல ஃபைலையே வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப்பில் சிக்கியவற்றை அதில் எழுதிச் சேருங்கள். இரண்டு ஃபைல்களைத் தானாக ஒன்றுசேர்க்கும் வசதி குனுகேஷில் கிடையாது.

தலைப்புப் பட்டையில் எண் எதுவும் இல்லை, ஆனாலும் பதிவுகளைக் காணோம் என்றால் 'சேவ் ஆஸ்' செய்தீர்களா என்று யோசியுங்கள். பென் டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும் என்று சேவ் ஆஸ் கொடுத்தால் நகல் உருவாகும், சரி. ஆனால் அந்த நொடி முதல் திறந்திருப்பது பென் டிரைவில் உள்ள ஃபைல். அப்புறம் எழுதுவதெல்லாம் அங்கே போகும். நகல் எடுப்பதற்குக் குனுகேஷைப் பயன்படுத்தாதீர்கள். அதை மூடிவிட்டு, ஃபைல் மேனேஜரில் காப்பி செய்து பேஸ்ட் செய்வதே பாதுகாப்பு.

மின்சாரம் போய் கம்ப்யூட்டர் அணைந்ததால் தொலைந்த பதிவுகள் வேறு வகை. மாற்றாமல் விட்டிருந்தால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிப்பு நடக்கும், ஆகவே தொலைவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும், செய்யும் மாற்றங்களைக் குனுகேஷ் உடனுக்குடன் குறித்து வைக்கும் லாக் ஃபைலில் இருக்கும். புத்தகத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட், அதற்குள் 'ரீப்ளே' என்று தொடங்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். கடைசிச் சேமிப்புக்குப் பிறகு தொடங்கிய லாக் ஃபைலைக் காட்டினால் அந்தப் பதிவுகள் திரும்ப வந்துவிடும். கடைப் புத்தகத்தின் லாகை வீட்டுப் புத்தகத்தில் காட்டிவிடாதீர்கள். பெயரின் முற்பகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவுக்கும் ஒரே தடுப்பு: புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர். பேக்கப்புகளும் லாகுகளும் அதனதன் ஃபோல்டரில் தங்கும். ஃபைல் பெயர்களும் வேறு வேறாக இருக்கட்டும். இரண்டு ஃபோல்டரிலும் 'கணக்கு' என்றே ஒரு ஃபைல் இருந்தால் தலைப்புப் பட்டையைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது.

எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸ் வடிவத்தில் சேமிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பதிவும் எழுதிய உடனே சேமிக்கப்பட்டுவிடும், மேலே சொன்ன தேதியிட்ட பேக்கப்புகளும் உருவாகாது. நகல் எடுப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

"பூட்டைப் பெற முடியவில்லை என்று செய்தி வருகிறது"

புத்தகம் திறந்திருக்கும்வரை அதன் பக்கத்தில் எல்.சி.கே. என்று முடியும் ஒரு சிறு பூட்டு ஃபைல் இருக்கும். மூடும்போது அது நீங்கிவிடும். செய்தி வந்தால் முதலில் டாஸ்க்பாரைப் பாருங்கள். இரண்டு ஜன்னல்கள் ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அதே புத்தகம் ஏற்கெனவே ஒரு ஜன்னலில் திறந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். எங்கும் திறந்திருக்கவில்லை, முன்பு கம்ப்யூட்டர் பாதியில் அணைந்தது என்றால் 'எப்படியும் திற' என்ற பொருளில் வரும் பொத்தானைத் தைரியமாக அழுத்தலாம்.

ஃபைல் கூகுள் டிரைவ் அல்லது டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் இருந்து, கடையில் ஒரு கம்ப்யூட்டரிலும் வீட்டில் ஒன்றிலும் எழுதுகிறீர்கள் என்றால் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் கடைக்கு ஒரு போன் போடுங்கள். "அண்ணே, குனுகேஷ் திறந்திருக்கா?" என்று கேட்கும் அரை நிமிடம், பிறகு இரண்டு மாறுபட்ட நகல்களை வரிவரியாக ஒப்பிடும் ஒரு மாலையைக் காப்பாற்றும். ஓர் இடத்தில் மூடி, ஃபைல் மேலேறி முடியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இன்னோரிடத்தில் திறக்க வேண்டும்.

"ஒரு புத்தகத்தில் மாற்றினேன், இன்னொன்றிலும் மாறிவிட்டது"

பிரிஃபரன்ஸஸ் எல்லாப் புத்தகங்களுக்கும் பொது என்பதன் நேரடி விளைவு. மூன்று இடங்களில் இது அதிகம் தலைகாட்டும்.

முதலாவது, கணக்காண்டு. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. குனுகேஷின் பிரிஃபரன்ஸஸில் 'இந்த ஆண்டின் தொடக்கம்' என்று தேர்ந்தெடுத்தால் அது ஜனவரி 1. ஆகவே நாம் நேரடியாகத் தேதி கொடுக்கும் முறையில், 2025-26 ஆண்டுக்கு என்றால் 01-04-2025, 31-03-2026 என்று எழுத வேண்டும், ஒவ்வொரு ஏப்ரலிலும் அதை மாற்றவும் வேண்டும். ஒரே நாட்டுக் கணக்குகள் என்றால் இதோடு முடிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கத்திய சம்பளக் கணக்கை ஒரு புத்தகத்திலும், ஊரில் வாடகைக்கு விட்ட வீட்டின் கணக்கை இன்னொரு புத்தகத்திலும் எழுதுகிறவர்களுக்குத்தான் சிக்கல். சிங்கப்பூரில் வருமான வரிக்கான ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. பிரிஃபரன்ஸஸில் எதை வைத்தாலும் ஒரு புத்தகத்தின் அறிக்கை தப்பான காலத்தைக் காட்டும். அப்போது அதை நம்பியே இருக்காதீர்கள். ஒவ்வொரு அறிக்கையின் ஆப்ஷன்ஸிலும் தேதியை நேரடியாகக் கொடுத்து, 'ஊர் வீடு 2025-26 வரவு செலவு' என்று பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள்.

இரண்டாவது, நெகட்டிவ் குறி. மூலதனம் (முதல்), கடன், வருமானம் ஆகிய கணக்குகளின் இருப்பு ஒரு நாள் திடீரென்று சிவப்பில் நெகட்டிவாகத் தெரிந்தால், 'ரிவர்ஸ் பேலன்ஸ்டு அக்கவுன்ட்ஸ்' என்ற தெரிவு 'நன்' ஆக மாறியிருக்கும். 'கிரெடிட் அக்கவுன்ட்ஸ்' என்று வைத்தால் பழையபடி ஆகும். தொகைகள் மாறவில்லை, காட்டும் விதம்தான் மாறியது.

மூன்றாவது, புதுக் கணக்கு தொடங்கும்போது தானாக வரும் நாணயம். பிரிஃபரன்ஸஸில் சிங்கப்பூர் டாலர் வைத்திருந்தால், ரூபாய்ப் புத்தகத்தில் வேலை செய்யும்போதும் அதுவே வந்து உட்காரலாம். கணக்கில் பதிவுகள் சேர்ந்த பிறகு நாணயத்தை மாற்ற முயல்வது வீண் தலைவலி. தொடங்கும்போதே கவனித்துவிடுங்கள்.

பொதுவாக இருக்கக் கூடாதவை சில ஃபைலுக்குள்ளேயே இருப்பது நல்ல விஷயம். ஃபைல் மெனுவில் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்தால், இத்தனை நாளுக்கு முந்தைய பதிவுகளைத் திருத்த முடியாதபடி பூட்டும் தெரிவு இருக்கிறது. இது புத்தகத்துக்குப் புத்தகம் வேறு. சங்கக் கணக்கில் இதைக் கட்டாயம் வைக்கச் சொல்வேன். உறுப்பினர்கள் முன் வைத்து ஒப்புதல் வாங்கிய மாதங்களில் கை தவறிக்கூட எதுவும் மாறக் கூடாது.

"சேமித்து வைத்த அறிக்கை காலியாக வருகிறது"

வீட்டுப் புத்தகத்தில் இருந்தபடி சேமித்த அறிக்கை, கடைப் புத்தகத்தின் மெனுவிலும் தெரியும். ஆனால் திறந்தால் ஒன்றும் இருக்காது. அறிக்கை, கணக்குகளைப் பெயரால் நினைவு வைப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே இருக்கும் நீண்ட அடையாள எண்ணால் நினைவு வைக்கிறது. கடைப் புத்தகத்தில் அந்த எண்ணுள்ள கணக்குகள் இல்லை. ஆப்ஷன்ஸில் கணக்குகளை மறுபடி தேர்ந்தெடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். அறிக்கைப் பெயரின் தொடக்கத்திலேயே 'வீடு', 'கடை', 'சங்கம்' என்று போட்டுவிட்டால் குழப்பமே வராது.

"பழைய கடைப் பெயர் பில்லில் வருகிறது, வீட்டுக் கடன் தவணை இரண்டு புத்தகத்திலும் ஏறுகிறது"

புதுப் புத்தகத்தைப் பழையதை நகலெடுத்து உருவாக்கியதன் அடையாளம். நிறுவனப் பெயர், பில் எண் வரிசை, ஷெட்யூல்டு பதிவுகள் எல்லாம் நகலோடு வந்துவிட்டன. பெயரையும் பில் எண்ணையும் ஃபைல் மெனுவின் பிராப்பர்ட்டீஸில் மாற்றலாம். ஷெட்யூல்டு பதிவுகளை அவற்றின் எடிட்டரில் போய் நீக்க வேண்டும், ஏற்கெனவே ஏறிவிட்டவற்றைத் தேடி அழிக்க வேண்டும்.

அடுத்த முறை நகலெடுக்காதீர்கள். ஃபைல், எக்ஸ்போர்ட், 'எக்ஸ்போர்ட் அக்கவுன்ட்ஸ்' கொடுத்தால் பதிவுகள் எதுவும் இல்லாமல் கணக்கு அமைப்பு மட்டும் புதிய ஃபைலாக வரும். அதைத் திறந்து தொடக்க இருப்புகளைப் போட்டால் புத்தகம் தயார்.

"கடைச் செலவை வீட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டேன்"

நான்கைந்து பதிவுகள் என்றால் சரியான புத்தகத்தில் கையால் எழுதிவிட்டு இங்கே அழியுங்கள். அதைவிட வேகமான வழி இல்லை. ஒரு மாத அளவு என்றால், எக்ஸ்போர்ட் மெனுவில் பதிவுகளை சி.எஸ்.வி. ஃபைலாக எடுத்து, மற்ற புத்தகத்தில் இம்போர்ட் செய்யலாம். இம்போர்ட் ஜன்னலில் குனுகேஷின் சொந்த எக்ஸ்போர்ட் வடிவத்துக்கென்றே ஒரு தயார் அமைப்பு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். கணக்குகளின் முழுப் பெயர் இரண்டு புத்தகத்திலும் ஒன்றாக இருந்தால் தானாகப் பொருந்தும், இல்லாவிட்டால் எது எதற்கு என்று கேட்கும். சரியாக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பழைய இடத்தில் அழிக்க வேண்டும். பொருத்துவதை அரைகுறையாக விட்டால் 'இம்பேலன்ஸ்' என்ற பெயரில் ஒரு கணக்கு தானாக முளைக்கும். அதில் காசு இருக்கும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கடையின் வங்கி ஸ்டேட்மென்டையே வீட்டுப் புத்தகத்தில் இம்போர்ட் செய்துவிட்டால் இன்னும் கஷ்டம், ஏனென்றால் இம்போர்ட்டை மொத்தமாகத் திருப்பும் பொத்தான் கிடையாது. உடனே கவனித்துவிட்டால், சேமிக்காமல் ஃபைல் மெனுவில் 'ரிவர்ட்' கொடுங்கள். தானியங்கிச் சேமிப்பு இடையில் நடந்துவிட்டிருந்தால் இம்போர்ட்டுக்கு முந்தைய பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். எஸ்.க்யூ.லைட்டில் இந்த இரண்டு வழியுமே இல்லை, ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். ஆகவே இம்போர்ட் செய்வதற்கு முன் ஒரு முறை சேமிப்பது, தலைப்புப் பட்டையில் எந்தப் புத்தகம் என்று பார்ப்பது, இரண்டும் கைப்பழக்கமாக வேண்டும்.

"கடையில் ஒரு தொகை, வீட்டில் ஒரு தொகை, இரண்டும் ஒத்துப்போகவில்லை"

இது மென்பொருள் கோளாறே இல்லை, ஆனாலும் தனித்தனிப் புத்தகம் வைப்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஒரே புத்தகத்துக்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், பற்றும் (டெபிட்) வரவும் (கிரெடிட்) சமமாக இருக்கிறதா என்று மென்பொருளே காவல் காக்கும். புத்தகம் விட்டுப் புத்தகம் போகும் பணத்துக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே ஒருமுறை, இங்கே ஒருமுறை என்று நாம்தான் எழுத வேண்டும். ஒன்றை விட்டால் எந்தப் புத்தகமும் எச்சரிக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தன்னளவில் சமமாகவே நிற்கும்.

வழி இதுதான்: ஒவ்வொரு புத்தகத்திலும் மற்றதைக் குறிக்கும் ஒரே ஒரு கணக்கு. கடைப் புத்தகத்தில் ஈக்விட்டி (மூலதனம்) வகையில் 'உரிமையாளர் கணக்கு'. வீட்டுப் புத்தகத்தில் அசெட் (சொத்து) வகையில் 'கடையில் நம் முதல்'. இரண்டின் இருப்பும் எப்போதும் ஒரே தொகையாக இருக்க வேண்டும்.

ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம். இரண்டு பக்கமும் 2,00,000 ரூபாயில் தொடங்குகிறது. 5-ம் தேதி கல்லாவிலிருந்து 8,000 எடுத்துப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறீர்கள். கடைப் புத்தகத்தில் உரிமையாளர் கணக்குக்கு 8,000 பற்று, கல்லாவுக்கு 8,000 வரவு. வீட்டுப் புத்தகத்தில் கல்விச் செலவுக்கு 8,000 பற்று, 'கடையில் நம் முதல்' கணக்குக்கு 8,000 வரவு. இரண்டும் 1,92,000 ஆகின்றன. 18-ம் தேதி கடையின் கரண்ட் பில் 3,450 ரூபாயை உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து போனிலேயே கட்டிவிடுகிறீர்கள். வீட்டில் 'கடையில் நம் முதல்' பற்று, வங்கி வரவு. கடையில் மின்கட்டணம் பற்று, உரிமையாளர் கணக்கு வரவு. இரண்டும் 1,95,450.

பிரிஃபரன்ஸஸில் முறையான கணக்கியல் தலைப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டால் எல்லாக் கணக்குகளிலும் டெபிட், கிரெடிட் என்றே வரும். 'இன்க்ரீஸ்', 'டிக்ரீஸ்' என்று கணக்கின் வகைக்குத் தக்கபடி மாறும் தலைப்புகள் இந்த வேலையில் குழப்பும். ஒரு புத்தகத்தில் பற்று என்றால் எதிர்ப் புத்தகத்தின் ஜோடிக் கணக்கில் வரவு, அவ்வளவுதான்.

ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத்தைக் கணக்கிட்டு அந்தத் தொகையைப் பாருங்கள். தொகையே காரணத்தைச் சொல்லும்.

வீட்டில் 1,95,450, கடையில் 1,92,000. வித்தியாசம் 3,450. அதே தொகையில் வீட்டில் ஒரு பதிவு இருக்கிறது, கடையில் இல்லை. கரண்ட் பில் விட்டுப்போயிருக்கிறது.

கடையில் 2,11,450 என்று நிற்கிறது. வித்தியாசம் 16,000. அப்படி ஒரு தொகை எங்கும் இல்லை, ஆனால் அதில் பாதி 8,000 இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்ததைக் கடையில் பற்றுக்குப் பதில் வரவில் எழுதியிருக்கிறீர்கள்.

வித்தியாசம் 900. ஒன்பதால் மீதியின்றி வகுபடும் எண். இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடினால் 3,450-ஐ 4,350 என்று அடித்திருப்பது கண்ணில் படும்.

வித்தியாசம் 8,000 என்று வந்து, இரண்டு பக்கமும் பதிவு இருப்பது போலவும் தெரிந்தால், கடையில் எதிர்க் கணக்கைப் பாருங்கள். பள்ளிக் கட்டணத்தை உரிமையாளர் கணக்கில் போடாமல் 'இதரச் செலவு' என்று போட்டிருந்தால் கல்லா சரியாகவே இருக்கும், ஆனால் கடையின் லாபம் 8,000 குறைந்து காட்டும். இந்தப் பிழையை நான் மற்றவற்றைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்வேன். சொந்தச் செலவு தொழில் செலவாக வரிக் கணக்கு வரை போய்விடும்.

பதிவுகள் நிறைய என்றால் கண்ணால் ஒப்பிட வேண்டாம். ஆக்‌ஷன்ஸ் மெனுவில் உள்ள 'ரெக்கன்சைல்' வசதி வங்கிக் கணக்குக்கு மட்டுமானது அல்ல. கடைப் புத்தகத்தின் உரிமையாளர் கணக்கில் அதைத் திறந்து, வீட்டுப் புத்தகம் காட்டும் இருப்பை இறுதி இருப்பாகக் கொடுத்து, ஒவ்வொரு பதிவாக டிக் செய்யுங்கள். எதிர்ப் புத்தகம்தான் இங்கே உங்களுக்கு ஸ்டேட்மென்ட். எண் பத்தியில் இரண்டு பக்கமும் ஒரே குறிப்பை, 'க-12' என்பது போல, எழுதி வைத்திருந்தால் இந்த வேலை காபி ஆறுவதற்குள் முடியும்.

மார்ச் 31-ல் ஒரு வேலை பாக்கி இருக்கும். கடையின் ஆண்டு லாபம் உரிமையாளருடையது, அதுவும் இரண்டு பக்கமும் ஏற வேண்டும். கடைப் புத்தகத்தில் டூல்ஸ் மெனுவில் 'க்ளோஸ் புக்' கொடுத்து, வருமானத்துக்கும் செலவுக்கும் உரிமையாளர் கணக்கையே காட்டுங்கள். லாபம் 1,40,000 என்றால் அவ்வளவு அந்தக் கணக்கில் கூடும். வீட்டுப் புத்தகத்தில் 'கடையில் நம் முதல்' 1,40,000 பற்று, 'கடை லாபம்' என்ற வருமானக் கணக்கு வரவு. பெயரைப் பார்த்து 'க்ளோஸ் புக்' ஏதோ புத்தகத்தை மூடிப் புதியதைத் தொடங்கிக் கொடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வருமான, செலவுக் கணக்குகளைப் பூஜ்யமாக்கி வித்தியாசத்தை மூலதனத்தில் சேர்க்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. கொடுப்பதற்கு முன் ஃபைலை நகலெடுத்து வையுங்கள்.

சங்கக் கணக்கில் முதல் என்ற பேச்சுக்கு இடமில்லை. பிளம்பருக்கு அவசரத்துக்கு 1,200 ரூபாயைப் பொருளாளர் தன் கையிலிருந்து கொடுத்தால், சங்கப் புத்தகத்தில் அது கடன்: 'பொருளாளருக்குத் தர வேண்டியது'. அவர் வீட்டுப் புத்தகத்தில் 'சங்கம் தர வேண்டியது'. பணம் திரும்ப வந்ததும் இரண்டும் பூஜ்யம். பூஜ்யம் ஆகாமல் மாதக்கணக்கில் நிற்கிறது என்றால் அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடுவது நல்லது.

"எல்லாப் புத்தகத்தையும் சேர்த்து மொத்தம் பார்க்க முடியவில்லை"

முடியாது. குனுகேஷ் அறிக்கை ஒரு புத்தகத்தைத் தாண்டாது. மேலே சொன்ன ஜோடிக் கணக்கு இருந்தால் வீட்டுப் புத்தகத்தின் ஐந்தொகையிலேயே (பேலன்ஸ் ஷீட்) கடையின் மதிப்பு வந்துவிடும், தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் இரண்டு ஐந்தொகைகளையும் எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் சேர்க்க வேண்டும்.

இந்தக் குறை அடிக்கடி உறுத்துகிறது என்றால், தனிப் புத்தகம் தேவைதானா என்று பார்த்துவிடலாம். பணம் வேறொருவருடையது என்றால் தனிப் புத்தகம் கட்டாயம்: சங்கம், அறக்கட்டளை, கூட்டு வணிகம், தனி பான் எண் வைத்திருக்கும் இந்து கூட்டுக் குடும்பம். தனி உரிமையாளர் கடையைப் பொறுத்தவரை, கல்லாவும் சரக்கும் பில்லும் இருக்கும் கடையைப் பிரித்து வைக்கவே சொல்வேன். மாலையில் நாலு பேருக்கு டியூஷன் எடுக்கும் வருமானத்துக்கு இன்னொரு புத்தகம் வேண்டாம், வீட்டுப் புத்தகத்திலேயே வருமானத்தில் ஒரு கிளை, செலவில் ஒரு கிளை போதும்.

ஆண்டுக்கு ஒரு புத்தகம் என்று பிரிப்பது மட்டும் அநேகமாக யாருக்கும் தேவையில்லை. பல ஆண்டுப் பதிவுகளை ஒரே ஃபைலில் குனுகேஷ் தாங்கும், அறிக்கையில் தேதி கொடுத்தால் வேண்டிய ஆண்டு மட்டும் வரும். பிரித்துவிட்டால் போன ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வசதி போய்விடும், பிப்ரவரியில் வாங்கிய சரக்கின் கடனை மே மாதம் அடைக்கும்போது இரண்டு ஃபைல்களுக்கு நடுவே ஓட வேண்டியிருக்கும். ஏற்கெனவே பிரித்துவிட்டவர்கள் பழைய ஆண்டுகளை அப்படியே விட்டுவிட்டு, இப்போதைய ஃபைலை வரும் ஏப்ரலில் மாற்றாமல் தொடர்ந்தால் போதும்.